கல்லூரியில் மல்யுத்தம் ஆடிக்கொண்டே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கல்லூரி அணியில் மல்யுத்தம் ஆடுகிறவர்களுக்கு, படித்த பள்ளியிலிருந்து ஏதாவது ஒரு நாள் போன் வரும். "தம்பி, சாயங்காலம் சும்மாதானே இருக்க, வந்து பசங்களுக்கு ரெண்டு பிடி சொல்லிக் குடேன்" என்பார் பி.இ.டி. சார். தமிழ்நாட்டில் மல்யுத்தத்துக்கென்று தனிப் பயிற்சியாளர் வைத்திருக்கும் பள்ளிகள் மிகக் குறைவு. ஆகவே பல ஊர்களில் ஒரு பிள்ளை முதன்முதலில் மேட்டில் (மல்யுத்த விரிப்பில்) கால் வைப்பது, பத்தொன்பது இருபது வயது கல்லூரி மாணவர் ஒருவரை நம்பித்தான். இந்தக் கட்டுரை அந்த மாணவருக்காக, அந்த மாணவிக்காக எழுதியது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆடுவதும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பதும் இரண்டு தனித் திறமைகள். ஆடும்போது உங்கள் உடம்பு யோசிக்காமலே வேலை செய்கிறது. எதிராளியின் தோள் லேசாக அசைந்தாலே உங்கள் இடுப்பு பின்னால் போய்விடும். ஏன் போனது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது அந்த ‘ஏன்’தான். அதனால் முதல் வருடத்தில் உங்கள் முக்கியமான வேலை, பார்க்கக் கற்றுக்கொள்வது. உங்களுக்குப் பிடித்த பிடிகளையெல்லாம் இறக்கிவைப்பது பிறகு.

1. தனியாகத் தொடங்காதீர்கள்

எவ்வளவு பதக்கம் வாங்கியிருந்தாலும் முதல் பருவத்தில் உங்களுக்கு மேலே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பி.இ.டி. ஆசிரியராக இருக்கலாம், மாவட்டச் சங்கத்தின் மூத்த பயிற்சியாளராக இருக்கலாம். பிள்ளைகளுக்கு அடிபட்டால் பொறுப்பேற்பவரும் பெற்றோரிடம் பேசுபவரும் அவர்தான். யாரும் இல்லையென்றால் மாவட்ட விளையாட்டு, இளைஞர் நலன் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடை விடுமுறையில் மாவட்டந்தோறும் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. அந்த முகாமில் உதவியாளராகச் சேர்வது நல்ல தொடக்கம்.

அந்தப் பெரியவரிடம் சின்ன வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முதல் சில வாரங்களுக்கு வார்ம் அப் மட்டும் உங்களுடையது. அது சரியாக நடந்தால், அப்புறம் ஒரு பிடி. முழுப் பயிற்சி நேரத்தையும் முதல் நாளே கையில் எடுத்தால், நாற்பது நிமிடம் பேசிவிட்டுப் பத்து நிமிடம் குஸ்தி விட்டு முடிப்பீர்கள். புதிதாக வருகிற எல்லாரும் செய்வது இதுதான்.

செமஸ்டர் தேர்வு மாதங்களில் வர முடியாது என்பதையும், உங்களுடைய பல்கலைக்கழகப் போட்டிகள் எப்போது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் என்று சொல்லி மூன்று நாளும் தவறாமல் வருவது, ஆறு நாள் என்று சொல்லி நான்கு நாள் வருவதைவிட நல்லது. மேட் ஓரத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

2. பிள்ளைகளின் பாதுகாப்பு: பேரம் பேசக் கூடாத இடம்

மல்யுத்தம் தொட்டு ஆடும் விளையாட்டு. சொல்லிக்கொடுப்பவரும் தொட்டுத்தான் திருத்த வேண்டியிருக்கும். அதனாலேயே மற்ற விளையாட்டுப் பயிற்சியாளர்களைவிட நமக்குக் கட்டுப்பாடு அதிகம் தேவை. தொடும் முன்பு எங்கே, எதற்குத் தொடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்: "உன் முழங்காலுக்குப் பின்னாடி என் கை வரும், பார்." முடிந்தவரை பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் செய்து காட்டச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் பயிற்சி பெறுகிற இடத்தில் ஒரு பெண் பயிற்சியாளரோ ஆசிரியையோ கட்டாயம் இருக்க வேண்டும். அவர் வர முடியாத நாளில் அவர்களுக்கு ஓட்டமும் உடற்பயிற்சியும் கொடுத்து அனுப்பலாம். மேட் வேண்டாம்.

அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள், வண்டியில் தனியாக ஏற்றிப்போகாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பெற்றோரும் பி.இ.டி. சாரும் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையிடம் இரவில் தனியாகச் செய்தி அனுப்பும் பழக்கமே கூடாது, அது எடைக்கணக்காக இருந்தாலும் சரி. பிள்ளைகளின் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சிங்லெட் (உடம்போடு ஒட்டிய போட்டி உடை) போட்ட படம் எங்கெங்கே போய்ச் சேரும் என்று நம்மால் சொல்ல முடியாது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் பொருந்தும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடக்கிறது என்று தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது அந்தச் சட்டப்படி குற்றம். ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால் நீங்களே விசாரணை நடத்த வேண்டாம். அமைதியாகக் கேளுங்கள், நம்புங்கள், காவல்துறைக்கோ 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். ‘சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். 2023 ஜனவரியில் நாட்டின் முன்னணி வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார வேண்டி வந்தது, உள்ளே சொன்னால் கேட்க ஆள் இல்லை என்று அவர்கள் உணர்ந்ததால்தான். உங்கள் பயிற்சி இடத்தில் கேட்க ஆள் இருக்கட்டும்.

அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மயக்கம், குமட்டல், கண் மங்கல், பேச்சில் குழப்பம் எது இருந்தாலும் அன்றைக்கு மேட் கிடையாது. மருத்துவர் சொன்ன பிறகுதான் படிப்படியாகத் திரும்ப வர வேண்டும். கழுத்தில் அடி என்று சந்தேகம் வந்தால் தூக்காதீர்கள், திருப்பாதீர்கள், 108ஐ அழையுங்கள். முழங்கை விலகியதுபோல் தெரிந்தால் இழுத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. வளரும் வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்காமல் கட்டு போட்டால் கை வளைந்தே வளரலாம்.

3. மேட்டும் தோலும்

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் மேட்டில் முதலில் பரவுவது படர்தாமரை. மேட்டைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்து, சொன்ன நேரம் வரை ஈரமாக விட்டால்தான் கிருமி சாகும். சும்மா தண்ணீர் தெளித்துத் துடைப்பது அழுக்கைப் பரப்பிவிடும். மேட்டுக்கான ஷூவோடு கழிவறைக்குப் போகக் கூடாது, ஒருவர் துண்டை இன்னொருவர் எடுக்கக் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும், வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். வார்ம் அப்புக்கு முன் வரிசையில் நிற்கவைத்து முகம், கழுத்து, கைகளை ஒரு பார்வை பாருங்கள். போட்டிகளில் எடை போடும்போது மருத்துவரும் இதைத்தான் பார்க்கிறார்.

வட்டமாகச் சிவந்து அரித்தால் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மெடிக்கலில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் இரண்டு நாள் அரிப்பை அடக்கும், பிறகு படையை இன்னும் பெரிதாக்கும். அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில், உடம்பில் படர்தாமரை வந்த பிள்ளை குறைந்தது 72 மணி நேரம் மருந்து எடுத்த பிறகுதான் மேட்டுக்குத் திரும்பலாம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். அதை நாமும் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் பிள்ளையை வீட்டில் உட்காரவைக்காமல், மேட்டுக்கு வெளியே ஸ்டான்ஸ் (தாழ்ந்து தயாராக நிற்கும் நிலை) நடையும் கயிறு தாண்டுதலும் கொடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற பழக்கம் அப்போதுதான் போகும்.

ஜூடோ மேட் துண்டுகளை ஒட்டிப் போட்டிருக்கும் இடங்களில் இடைவெளியைத் தினமும் பாருங்கள். கட்டைவிரல் மாட்டுவது அங்கேதான்.

4. பார்க்கக் கற்றுக்கொள்வது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பத்து ஜோடி ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போது புதுப் பயிற்சியாளரின் கண் தானாகக் கைகளுக்குப் போகும், அல்லது யார் கீழே விழுகிறார்களோ அங்கே போகும். விழுந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை, தவறு நடந்து இரண்டு விநாடி ஆகியிருக்கும். பார்க்கும் வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்: முதலில் பாதம், பிறகு இடுப்பு, பிறகு தலை, கடைசியாகக் கை. பாதங்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டுகின்றனவா? எடை குதிகாலில் இருக்கிறதா, பாதத்தின் முன்பகுதியில் இருக்கிறதா? இடுப்பு தோளுக்குக் கீழே உள்ளதா, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா? நெற்றி எங்கே பார்க்கிறது? பெரும்பாலும், கையில் தெரிகிற தவறுக்குக் காரணம் பாதத்தில் இருக்கும். கை எட்டவில்லை என்று பிள்ளை சொல்லும். உண்மையில் கால் போகவில்லை.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் முழுதாகப் பாருங்கள், எதுவும் சொல்லாமல். வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள்: "வலது பக்கம் தாக்க வரும்போது தோளை முன்னாலேயே இறக்குகிறான்." "கீழே இருக்கும்போது முழங்கையை உடம்போடு வைக்கிறாள், நல்லது." பருவம் முடியும்போது அந்த நோட்டு எந்தச் சான்றிதழையும்விட உங்களுக்கு உதவும்.

மூத்த பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு மோதலை இருவரும் பாருங்கள். முடிந்ததும் நீங்கள் கண்டதை முதலில் சொல்லுங்கள், பிறகு அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மூன்று விஷயம் சொல்வீர்கள், அவர் ஒன்றைச் சொல்வார். அந்த ஒன்றைத் திருத்தினால் உங்களுடைய மூன்றும் தானாகச் சரியாகும் என்பது போகப் போகத் தெரியும்.

பார்த்ததையெல்லாம் சொல்லவும் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு திருத்தம். அதுவும் இரண்டு மூன்று சொல்லில்: "தலை மேலே." "காலைக் கொண்டுபோ." "முழங்கை உள்ளே." இதே சொற்களைப் போட்டியன்றும் சொல்லப்போகிறீர்கள், எனவே பயிற்சியிலேயே காதுக்குப் பழக்கப்படுத்துங்கள்.

5. முதலில் விழக் கற்றுக்கொடுங்கள்

புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் பாடம் தாக்குவது கிடையாது, விழுவது. தாடையை மார்போடு ஒட்டிவை, முதுகை வளைத்து உருள், கையைப் பின்னால் ஊன்றாதே. பிள்ளைகளின் மணிக்கட்டும் முழங்கையும் உடைவது பெரும்பாலும் விழும்போது கையை ஊன்றுவதால்தான். முதலில் குந்திய நிலையிலிருந்து உருளட்டும், பிறகு நின்று, பிறகு ஜோடியாக. சின்னப் பிள்ளைகளைக் கழுத்தில் எடை ஏற்றிப் பிரிட்ஜ் (தலையை ஊன்றி முதுகை வில்லாக வளைப்பது) செய்ய வைக்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி வயிற்றுக்குப் போவதைச் சொல்லிக்கொடுத்தால் அந்த வயதுக்குப் போதும்.

அடுத்தது ஸ்டான்ஸும் நடையும். இதை வரிசையாக நிற்கவைத்துச் செய்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஆட்டமாக மாற்றுங்கள். எதிரே நின்று முழங்காலைத் தொடும் ஆட்டம்: தொட்டால் ஒரு புள்ளி. ஸ்டான்ஸ் என்று நீங்கள் சொல்லாமலே எல்லாரும் தாழ்ந்து நிற்பார்கள். வட்டத்துக்கு வெளியே தள்ளும் ஆட்டமும் அப்படித்தான். கால்களையும் பிடித்து ஆடும் ஃப்ரீஸ்டைல் வகையில் எதிராளியை வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனால் ஒரு புள்ளி என்பதால் விளையாட்டோடு விதியும் மனதில் பதியும்.

நம் ஊரில் பல பிள்ளைகள் கபடியிலிருந்து வருவார்கள். அது நமக்குப் பெரிய வரம். கணுக்காலைப் பிடிக்கவும் பிடித்த பிடியை விடாமலிருக்கவும் அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் தலையைக் கீழே போட்டுக்கொண்டு பாயும் பழக்கம் சிலருக்கு இருக்கும். மல்யுத்தத்தில் அது கழுத்துக்கு ஆபத்து, எதிராளிக்குத் தலையைப் பரிசாகக் கொடுப்பதும்கூட. அவர்களுக்கு முதல் மாதம் ஒரே திருத்தம் போதும்: கண் மேலே பார்க்கட்டும்.

6. ஒரு பிடியைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுப்பது

எதிராளியின் ஒரு காலைப் பிடித்து வீழ்த்தும் சிங்கிள் லெக்கை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக நாம் சொல்லும் வரிசை: பிடித்து இழு, தாழ்ந்து போ, காலை எடு, தள்ளு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளை தைரியமாகப் போய்க் காலைப் பிடித்துவிடும், அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். எதிராளி ஸ்ப்ரால் செய்து, அதாவது கால்களைப் பின்னால் வீசி, மேலே விழுவான். இரண்டு முறை அப்படி நசுங்கினால் மூன்றாம் முறை அது தாக்கவே போகாது. அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

முதல் நாள், எதிராளியின் காலையே கையில் கொடுத்துவிடுங்கள். ஜோடி தன் ஒரு காலை நீட்டித் தருகிறான். தாக்குபவர் அந்தக் காலைத் தன் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, இரு கைகளையும் முழங்காலுக்குப் பின்னால் கோத்து, காதை எதிராளியின் மார்பில் ஒட்டி நிற்கிறார். இங்கிருந்து முடிப்பது மட்டுமே இன்றைய பாடம்: மார்பால் தொடையைக் கீழே அழுத்திக்கொண்டே பின்னால் வட்டமாக நட. நடந்தால் எதிராளி உட்கார்ந்தே ஆக வேண்டும். ‘நட’ என்பதுதான் உங்கள் சொல். பிள்ளைகள் கையால் தூக்கப் பார்ப்பார்கள், அது வேலைக்காகாது.

இரண்டாம் கட்டம்: ஒரு முழங்கால் மேட்டில், கால் கையில் இருக்கிறது, அங்கிருந்து எழுந்து நிற்பது. தலை உள்பக்கம், நெற்றி மேலே, முதுகு நேராக. மூன்றாம் கட்டம்தான் உள்ளே போவது. இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். பாதம் எதிராளியின் முன்காலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். கடைசியாகச் செட் அப்: மணிக்கட்டை இழுப்பது, தலையை அசைப்பது, எதிராளி அந்தக் காலில் எடை வைக்கும்படி செய்வது. இப்படி வந்த பிள்ளைக்குக் காலைத் தொட்டவுடன் வழி தெரிகிறது, ஆகவே பயமில்லாமல் போகும்.

செய்துகாட்டும்போது மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை, முதல் முறை பேசாமல். விளக்கம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு அவர்கள் கையில் விடுங்கள்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. ஐம்பது வயதுப் பயிற்சியாளரால் செய்ய முடியாததை நீங்கள் செய்யலாம்: நீங்களே ஜோடியாக நிற்கலாம். பிள்ளை சரியாகச் செய்தால் விழுங்கள், தவறாகச் செய்தால் நகராமல் நில்லுங்கள். நல்ல ஜோடியின் உடம்பே பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். எதிர்ப்பைப் பத்தில் மூன்று பங்கு கொடுப்பதா, ஐந்து பங்கா என்று அளந்து கொடுக்கப் பழகுங்கள். பிள்ளைகளோடு ஜெயிப்பதற்காகப் பிடிக்கவே கூடாது. முழு எடையையும் அவர்கள் மேல் போடக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு ஜோடி பெண் பிள்ளைதான்.

தேசிய முகாம்களுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வடக்கே சொல்லும் பெயர்களையும் சொல்லிவையுங்கள். தோளில் ஏற்றிப் போடுவதைக் கலாஜங் என்பார்கள், எதிராளியைத் தோளுக்கு மேல் இழுத்து எறிவதைத் தோபி பச்சாட் என்பார்கள், இரு கணுக்கால்களையும் பின்னிப் புரட்டுவது ஃபித்தலே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யோகேஷ்வர் தத் வெண்கலம் வென்றது ஃபித்தலேவால்தான். அந்த வீடியோவைப் போட்டுக்காட்டினால் மறுநாள் எல்லாரும் அதையே செய்ய வேண்டும் என்பார்கள். செய்யட்டும்.

7. ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்கலாம்

மொத்தம் 75 நிமிடம் என்று வையுங்கள். தோல் பார்வைக்கும் ஆட்டத்தோடு சேர்ந்த வார்ம் அப்புக்கும் 15 நிமிடம். பழைய பிடியை மறுபடி செய்ய 10. புதுப் பாடம் 20, ஒன்றே ஒன்று. பிறகு குறிப்பிட்ட நிலையிலிருந்து குஸ்தி 20 நிமிடம்: ஒருவர் கையில் கால் ஏற்கெனவே இருக்கிறது, விசில் அடித்ததும் தொடங்கு, 30 விநாடி, அடுத்த ஜோடி. கடைசி 10 நிமிடம் முழு மோதல் அல்லது ஆட்டம். சிரித்துக்கொண்டே வெளியே போகட்டும். தண்டனையாக ஓடவைப்பது, தோற்றவனுக்குப் புஷ் அப் இதெல்லாம் நம்மிடம் பழைய வழக்கம். உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பார்க்கும் பிள்ளை வீட்டில் தானாகச் செய்யாது. விட்டுவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை 6 மணிக்கே தொடங்கி வெயில் ஏறும் முன் முடியுங்கள். தண்ணீர் இடைவேளையைப் பிள்ளை கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள், நீங்களே விசில் அடித்து அனுப்புங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் நிறைய. ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை, முடிந்தால் சுண்டல் இருந்தாலே பயிற்சி வேறு மாதிரி நடக்கும். ஊரில் மனமுள்ள ஒருவரிடம் கேட்டால் செய்வார். புரோட்டீன் பவுடர் வேண்டாம்.

ஜோடி சேர்ப்பதில் எடையை மட்டும் பார்க்காதீர்கள். 45 கிலோ உள்ள 12 வயதுப் பையனும் 45 கிலோ உள்ள 15 வயதுப் பையனும் ஒன்றல்ல, பின்னவனுக்குத் தசை வந்துவிட்டிருக்கும். வயது, அனுபவம், சுபாவம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பலசாலி ஒருவனுக்கே எப்போதும் பலவீனமான ஜோடியைக் கொடுத்தால் இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள்.

8. எடை குறைக்க விடாதீர்கள்

நீங்களே கல்லூரிப் போட்டிக்கு முந்தைய நாள் தண்ணீர் குடிக்காமல் ஓடியிருக்கலாம். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகாதீர்கள். 1997 இறுதியில் அமெரிக்காவில் எடை குறைக்கப்போய் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவரும் வளர்ந்த இளைஞர்கள். வியர்க்கவைக்கும் ரப்பர் உடைகளும் சூடான அறைகளும் அதன் பிறகுதான் அங்கே தடை செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியன்று காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதி இழந்தார். மருத்துவர்களும் உணவு நிபுணரும் கூடவே இருந்த ஒரு உலக வீராங்கனைக்கே அப்படி என்றால், ஒரு வளரும் பிள்ளை இட்லியை விட்டுவிட்டுத் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பதில் என்ன நியாயம்?

பிள்ளை சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, என்ன எடையோ அதற்கு மேலுள்ள பிரிவில் ஆடட்டும். மாதம் ஒரு முறை எடையும் உயரமும் எழுதிவையுங்கள். உயரம் ஏறும் மாதங்களில் எடை குறைந்தால் கவலைப்பட வேண்டும், பாராட்டக் கூடாது. பெண் பிள்ளைகளின் எடையை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்காதீர்கள்.

வயதுச் சான்றிதழிலும் இப்படித்தான். 17 வயதுப் பையனைப் பதினைந்தாக்கி இறக்கினால் உங்கள் அணிக்குப் பதக்கம் வரலாம். எதிரே நிற்கும் நிஜமான பதினைந்து வயதுப் பிள்ளையின் கழுத்தை நினைத்துப் பாருங்கள்.

9. போட்டியன்று

விதிகளை ஆட்டக்காரராக அரைகுறையாகத் தெரிந்திருப்பது போதாது. உலக மல்யுத்த அமைப்பின் விதிப்புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முழுதாகப் படியுங்கள். 15, 17 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் இரண்டு நிமிடம் கொண்ட இரண்டு சுற்று, நடுவே 30 விநாடி. ஃப்ரீஸ்டைலில் டேக் டவுனுக்கு (நிற்கும் எதிராளியைக் கீழே கொண்டுவந்து அடக்குவதற்கு) 2 புள்ளி, 10 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் முடிந்தது. சமமாக முடிந்தால் அதிகப் புள்ளி தரும் பிடி, எச்சரிக்கை, கடைசிப் புள்ளி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கடைசி 20 விநாடியில் உங்கள் பிள்ளை முன்னிலையா இல்லையா என்பதை மூலையில் இருக்கும் நீங்கள் உடனே சொல்ல வேண்டும். டபுள் நெல்சன் (எதிராளியின் இரு அக்குள்களுக்கும் அடியில் கைவிட்டுக் கழுத்தை அழுத்தும் பிடி) இளம் வயதினருக்குத் தடை. கையை எடுக்காமல் கழுத்தை மட்டும் பூட்டுவதும், ஒற்றை விரலைப் பிடித்து வளைப்பதும் யாருக்கும் கிடையாது. இவற்றைப் பயிற்சியிலேயே கண்டியுங்கள்.

மூலையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு எதுவும் கேட்காது. பழகிய இரண்டு சொல் போதும். 30 விநாடி இடைவெளியில் முதல் பத்து விநாடி மூச்சு, தண்ணீர். பிறகு ஒரே ஒரு செய்தி: "அவன் வலது காலை முன்னால் வைக்கிறான், அங்கே போ." அவ்வளவுதான். நடுவரிடம் சண்டை போடாதீர்கள். உங்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அடுத்த வாரம் அவரிடம் நடந்துகொள்வார்கள்.

தோற்ற பிள்ளையிடம் உடனே தவறுகளைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், சாப்பிட வையுங்கள். திங்கட்கிழமை நோட்டை எடுத்துப் பேசலாம். முதல் வருடம் எல்லா மோதலிலும் தோற்றுவிட்டுத் தொடர்ந்து வருகிற பிள்ளைகள் உண்டு. உங்கள் கவனம் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

பெற்றோர் கேட்பார்கள்: "தம்பி, இதுக்குப் போனா காது வீங்கிப் போயிடுமாமே, பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்ல?" சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். "ஆமாம்மா, காதுல உரசி ரத்தம் கட்டும். காதுக் கவசம் போட்டா பெரும்பாலும் வராது. வீங்கின உடனே டாக்டர்கிட்ட காட்டினா கட்டின ரத்தத்தை எடுத்துடுவாங்க. நான் பார்த்துக்கிறேன்." சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

10. உங்களுடைய பாதை

இந்த வேலை பிடித்துப்போனால் முறையாகப் படிக்க வழி இருக்கிறது. பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர் டிப்ளமோவும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் வேண்டும். சென்னை அருகே மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம். உங்கள் போட்டிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், சேர்க்கையில் அவைதான் பேசும். மாவட்டப் போட்டிகளில் நடுவருக்கு உதவியாளராக மேசையில் உட்காரவும் கேளுங்கள். புள்ளி எழுதுகிற ஒரு நாளில் விதிகள் நன்றாகப் பதிந்துவிடும்.

உங்கள் சொந்தப் பயிற்சியைப் பிள்ளைகளின் பயிற்சியோடு கலக்காதீர்கள். அவர்களோடு ஓடியதை உங்கள் கணக்கில் எழுதினால் அடுத்த பல்கலைக்கழகப் போட்டியில் தெரிந்துவிடும்.

கல்லூரி மூன்று வருடத்தில் முடிந்துவிடும், வேலைக்கு வேறு ஊர் போக வேண்டி வரலாம். இரண்டாம் வருடத்திலேயே பதினொன்றாம் வகுப்பில் பொறுமையான ஒரு பையனையோ பெண்ணையோ பார்த்து வார்ம் அப்பை அவர்களிடம் கொடுங்கள். பெற்றோர் எண்கள், எடை உயரக் கணக்கு, எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எந்தப் பிள்ளைக்குத் தோளில் பழைய அடி என்பதெல்லாம் பி.இ.டி. சாரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். அவருக்கு மாற்றல் வந்தால் அடுத்து வருபவரிடம் அதைச் சேர்ப்பிப்பது யார் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.